பிழை திருத்தி ஏற்றிய மத்தியானம்

"மனுசனுக்கே தப்புத் தெரிய மாட்டேங்குது. இந்தக் கெழட்டு மிசினுக்கு என்னத்தா தெரியப் போகுது?"

அச்சகக் கணினியில் தமிழ்ப் பிழை திருத்தி ஒன்றை ஏற்றலாம் என்று நான் சொன்னபோது முதலாளி இப்படித்தான் கேட்டார். அவர் கேட்டது மிசினைப் பற்றி. எனக்கு அது என்னைப் பற்றிக் கேட்டது போல இருந்தது. அதனால்தான் அவ்வளவு வேகமாகப் பதில் சொன்னேன்.

"அதெல்லாம் தெரியும்ணே. தப்பான வார்த்தைக்கு அடியில அதுவே செவப்புக் கோடு போட்டுக் காட்டும்."

"கோடு போடுமா? சரி, போட்டுப் பாரு. அத இத அமுக்கி உள்ள இருக்கறத அழிச்சிப்புடாத."

அச்சகம் காரைக்குடியில் செக்காலைப் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, கானாடுகாத்தானில் பெரிய வீடுகளை விடுதியாக்கியவர்களுக்குச் சாப்பாட்டு அட்டை, இவைதான் வேலை. என் அம்மா அங்கே தாள் மடிக்கிறாள். பத்திரிகை மூலையில் மஞ்சள் தடவுவது, உறை ஒட்டுவது, புத்தகத்துக்குக் கம்பிப் பின் அடிப்பது எல்லாம் அவள் வேலை. நாள் முழுக்க எழுத்துக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவளுக்கு ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாது. படம் தலைகீழாக இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்துத் தாளைத் திருப்பி வைப்பாள். படம் இல்லாத தாளாக இருந்தால் யாரையாவது கேட்பாள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போனவள் நான் ஒருத்திதான். கல்லூரியில் கணினி அறிவியல் படித்தேன். பட்டம் வாங்கியபோது எடுத்த படம் சட்டம் போட்டு எங்கள் வீட்டில் சாமி படங்களுக்குப் பக்கத்தில், அதே உயரத்தில் மாட்டியிருக்கிறது. சென்னைக்கு அனுப்ப அப்பாவுக்கு மனமில்லை. அச்சகத்தில் எனக்கு முன் கணினி பார்த்துக்கொண்டிருந்த ஓர் அக்கா கல்யாணமாகிப் போனதும் அம்மா முதலாளியிடம் போய் நின்றாள். "எம்மகள வச்சுக்கங்க. அது இங்கிலீசே தண்ணியாப் படிக்கும்" என்று சொல்லித்தான் என்னைச் சேர்த்துவிட்டாள்.

நான் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். கல்லூரியில் ஆங்கிலப் பாடத்தை மனப்பாடம் செய்து எழுதித் தேறியவள். எதிரே ஓர் ஆங்கில வாக்கியம் வந்து நின்றால் ஒவ்வொரு சொல்லாகத் தட்டுத் தடுமாறித்தான் போவேன். அதை அம்மாவிடம் நான் சொன்னதில்லை. அவள் கேட்டதும் இல்லை. பிள்ளையிடம் அப்படிக் கேட்கலாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது.

இப்போது டிரைவரய்யாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிழை திருத்தி வந்ததே அவருடைய புத்தகத்துக்காகத்தான்.

அவர் சாக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துக்காரர். விவசாயக் குடும்பம். ரொம்பக் காலம் டவுன் பஸ் ஓட்டிவிட்டு, முழங்கால் வலியால் முன்கூட்டியே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டவர். அறுபதாம் கல்யாணம் வருகிறது, வருகிறவர்களுக்குக் கொடுக்கும் தாம்பூலப் பையில் தேங்காயோடு ஒரு சின்னப் புத்தகமும் இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. சாமிப் பாட்டுப் புத்தகம் போடலாமே என்று முதலாளி சொன்னார்.

"பாட்டுப் புத்தகந்தான் எல்லாப் பயலும் போடுறானே. நான் பஸ்ஸுல பாத்ததப் போடப் போறேன்" என்றார் அவர்.

"எழுதிக் கொண்டாந்திருக்கீகளா?"

"எழுதுறதா? கியரப் புடிச்ச கை, பேனாவப் புடிச்சா நடுங்குது. நான் சொல்றேன், இந்தத் தாயி அடிக்கட்டும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. காலையில் டீ குடித்த கையோடு வருவார். என் நாற்காலிக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருப்பவர் போல நேரே சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்லுவார். கை மட்டும் ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு கதை. நான் அடித்து, ஒரு கோப்பாகச் சேமித்துவைப்பேன். தாளில் ஒரு வரிகூடக் கிடையாது.

முகூர்த்த நாளில் வேன் பழுதாகி மாப்பிள்ளை வீட்டார் மொத்தமும் இவர் பஸ்ஸில் ஏறிய கதையை அவர் சொன்ன அன்று அச்சகமே வேலையை நிறுத்தியது. கழுத்தில் மாலையோடு மாப்பிள்ளை படியில் தொங்குகிறான். கண்டக்டர் விடவில்லை. 'மாப்பிள்ளையா இருந்தா என்ன, ராசாவா இருந்தா என்ன, டிக்கெட்டு டிக்கெட்டுதான்' என்கிறார். மாப்பிள்ளையின் பட்டுச் சட்டையில் பையே இல்லை. கடைசியில் பின்சீட்டில் இருந்த ஒரு கருவாட்டுக்காரி டிக்கெட் எடுத்துக் கொடுத்து, 'மொத மொய்யி என்னுது, எழுதிக்கங்க' என்றாளாம். அம்மா மடித்துக்கொண்டிருந்த தாள் கையிலிருந்து சரிய, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முதல் கதையை அச்செடுத்ததும் முதலாளி அதை ஒரு டீச்சரிடம் கொடுத்தார். கோவிலூர்ப் பக்கம் இருக்கிற, ஓய்வு பெற்ற தமிழ் டீச்சர் அவர். அச்சகத்தில் புத்தக வேலை எப்போதாவது வந்தால் அவர்தான் திருத்துவது வழக்கமாம். அந்தத் தாள் திரும்பி வந்தது. ஒற்று விட்டது, ஒற்று மிகுந்தது, ரகர றகரம் மாறியது என்று பக்கம் முழுக்கச் சிவப்பு மசி. எல்லாம் நான் செய்த பிழைகள். டிரைவரய்யா சொல்லுகிற வேகத்துக்கு அடித்ததால் வந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி அப்படி வந்தது. மீதி எனக்குத் தெரியாததால் வந்தது.

அம்மா எட்டிப் பார்த்தாள். "என்னத்தா இம்புட்டுச் செவப்பு? நல்லாருக்குன்னு போட்ருக்காகளா?"

"ஆமா" என்றேன்.

அவள் பூரித்துப்போய்ப் பசைக் கிண்ணத்தோடு திரும்பிப் போனாள். திருத்தங்களைக் கணினியில் போட்டுவிட்டு அந்தத் தாளைக் கசக்கி, மிசின் துடைக்கிற கழிவுத்தாள் பெட்டியில் போட்டேன். மத்தியானத்துக்குள் அது மை ஊறிக் கறுத்துவிட்டது. மற்றக் கதைகளையும் டீச்சரிடம் கொடுக்கலாமா என்று முதலாளி கேட்டபோதுதான் பிழை திருத்தி பற்றிச் சொன்னேன். ஒரு மனுஷி பார்த்துச் சிவப்புக் கோடு போடுவதைவிட மிசின் பார்த்துப் போடட்டும். மிசின் யாரிடமும் போய்ச் சொல்லாது.

கணினி பழையது. பக்கவாட்டு மூடி எப்போதோ தொலைந்துபோய், உள்ளே காற்றாடி சுற்றுவது வெளியே தெரியும். காற்றாடி நின்றால் அம்மாவின் விசிறிதான். விசைப்பலகையில் 'க' இருந்த இடம் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. அந்தக் கணினியில் எல்லாமே பழைய எழுத்துருவில்தான் அடிப்போம். திரையில் தமிழாகத் தெரியும். கணினிக்குள் அது ஆங்கிலக் குறிகள்தான். தமிழ் என்று கணினிக்குத் தெரியாது. ஆனால் பிழை திருத்திக்கு, தமிழைத் தமிழாகவே பதிகிற யூனிகோடு எழுத்துதான் புரியும். எனவே கதைகளை முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும், பிழை பார்க்க வேண்டும், பிறகு பக்கம் அமைக்கப் பழையபடி மாற்ற வேண்டும். எனக்கு இது எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்திருந்ததால் வந்த திமிரும் இருந்தது.

பிழை திருத்தியின் பழைய பதிப்பு ஒன்றைத் தேடிப் பிடித்துப் பென்டிரைவில் கொண்டுபோனேன். புதியது எதுவும் அந்தக் கணினியில் ஓடாது. ஏற்ற ஆரம்பித்ததும் இடம் போதவில்லை என்றது. அது சின்ன வாக்கியம், எனக்குப் புரிந்தது. எதை அழிக்கலாம் என்று பார்த்தேன். டிரைவரய்யாவின் கதைகளுக்கு ஒரு நகல் எடுத்துத் தனியாக வைத்திருந்தேன். ஒன்று இருக்கும்போது இன்னொன்று எதற்கு? நகலை அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். பிழை திருத்தி ஏறியது.

மாப்பிள்ளைக் கதையைத் திறந்து மாற்றியபோது திரை முழுக்கச் சிவப்புக் கோடு எழுந்தது. முதலாளி சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"அடேயப்பா! கோடு போடுதேத்தா! கெழவி கண்ணு நல்லாத்தான் இருக்கு."

அம்மாவும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். என் தோளுக்குப் பின்னால் அவள் மூச்சு எனக்குக் கேட்டது.

கோடு விழுந்ததில் என் பிழைகள் கொஞ்சம். அவற்றைத் திருத்தினேன். ஆனால் பெரும்பாலான கோடுகள் டிரைவரய்யாவின் பேச்சுக்கு அடியில் விழுந்திருந்தன. 'வந்தாக', 'போனீக', 'அங்குட்டு', 'இம்புட்டு' எல்லாவற்றுக்கும் சிவப்பு. அவை எங்கள் வீட்டுப் பேச்சும்தான். கல்லூரியில் சேர்ந்த புதிதில் 'என்ன சொல்லுறீக' என்று நான் கேட்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர்கள் உண்டு. மிசினும் அதையே சுட்டிக்காட்டியது. எனக்குக் காது சுட்டது. ஒவ்வொன்றாக 'வந்தார்கள்', 'போனீர்கள்', 'அந்தப் பக்கம்', 'இவ்வளவு' என்று மாற்றினேன். கருவாட்டுக்காரி பாடப்புத்தகத்தில் வருகிற பெண்மணி போலப் பேச ஆரம்பித்தாள். கோடுகள் மறைந்தன. பக்கம் சுத்தமாக இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

பழையபடி மாற்றுவதைப் பக்கம் அமைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அப்படியே சேமிக்கப் போனேன். அதே பெயரில், அதே இடத்தில். அப்போது ஒரு சின்னப் பெட்டி திரையில் வந்து நின்றது. மூன்று நான்கு வரி ஆங்கிலம். கீழே இரண்டு பொத்தான்கள்.

"என்னத்தா போட்ருக்கு?" என்றார் முதலாளி.

முதல் வரியில் பாதிதான் போயிருந்தேன். பின்னால் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். 'கோப்பு' என்பதும் 'சேமி' என்பதும் தெரிந்தன. நடுவில் ஏதோ நீளமாக ஓடியது.

"இருங்கண்ணே, எனக்குப் புரியல" என்று சொல்லியிருக்கலாம். எவ்வளவு சின்ன வாக்கியம்.

"ஒண்ணுமில்லண்ணே. சேமிக்கட்டுமான்னு கேக்குது" என்றேன்.

"அதுக்கா இம்புட்டு நீளமாக் கேக்குது?"

"இங்கிலீசுல அப்படித்தான் மரியாதையாக் கேக்கும்."

அம்மா முதலாளியைப் பார்த்துச் சிரித்தாள். "எம்மக எப்படிப் படிச்சிருச்சு பாத்தீகளா? நான் கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள."

ஓகே என்பதை அமுக்கினேன். திரையில் கதை அப்படியே, அழகாக நின்றது. அடுத்த கதை. மறுபடியும் அந்தப் பெட்டி. மறுபடியும் ஓகே. சாயங்காலம் வரை உட்கார்ந்து எல்லாக் கதைகளையும் முடித்தேன். ஒவ்வொரு தடவையும் பெட்டி வந்தது. ஒவ்வொரு தடவையும் அமுக்கினேன். பிற்பாடு அது வருவதைக்கூட நான் பார்க்கவில்லை, கை தானாகப் போனது.

மறுநாள் டிரைவரய்யா மனைவியோடு வந்தார். "பக்கத்துல எப்படி வருதுன்னு இவ பாக்கணுங்குறா" என்றார். அந்த அம்மாவுக்கு நாற்காலி போட்டோம். நான் மாப்பிள்ளைக் கதையைத் திறந்தேன்.

கேள்விக்குறிகள்.

முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை கேள்விக்குறி. நடுநடுவே இடைவெளி, முற்றுப்புள்ளி. சொல் எங்கே முடிகிறது, வாக்கியம் எங்கே முடிகிறது என்பது தெரிந்தது. சொல் மட்டும் இல்லை. அடுத்த கோப்பைத் திறந்தேன். அதுவும் அப்படியே. அதற்கடுத்தது. எழுத்துருவை மாற்றிப் பார்த்தேன். கணினியை நிறுத்திப் போட்டேன். மறுபடியும் கேள்விக்குறிதான்.

"என்ன தாயி, நான் கதை சொன்னா, மிசினு என்னையே கேள்வி கேக்குது?" என்று டிரைவரய்யா சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அவர் மனைவி, "இதான் அச்சா?" என்று மெதுவாகக் கேட்டார்.

முதலாளி பேருந்து நிலையத்துக்கு எதிரே கணினி பழுது பார்க்கிறவரைக் கூட்டி வந்தார். அழித்த நகலும் கிடைக்கவில்லை. அந்த இடத்தில்தான் புதிய மென்பொருள் உட்கார்ந்துவிட்டதாம். கோப்புகளின் மேலேயே எழுதியாகிவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். முதலாளி என்னிடம், "நான் சொன்னேன்லத்தா, உள்ள இருக்கறத அழிச்சிப்புடாதன்னு" என்றார். கத்தவில்லை. அலுப்பாகத்தான் சொன்னார்.

அதற்குள் அம்மா எழுந்துவிட்டாள்.

"என்ன மொதலாளி பேசுறீக? கெழட்டு மிசின வச்சுக்கிட்டு, மூடிகூட இல்லாத மிசின வச்சுக்கிட்டு, எம்புள்ளையக் கொற சொல்லுறீக? அது என்ன கேக்குதுன்னு படிச்சுப் பாத்துத்தானே அமுக்குச்சு? நீங்களும் நானும் பக்கத்துலதானே நின்னோம்? மிசினு ஒண்ணச் சொல்லிட்டு ஒண்ணச் செஞ்சா எம்மக என்ன பண்ணும்?"

"நான் அத ஒண்ணும் சொல்லலையே..."

"சொல்லாதீக. படிச்ச புள்ள. தப்புப் பண்ணாது."

டிரைவரய்யாவும் சேர்ந்துகொண்டார். "விடுங்கப்பா. வண்டின்னா பிரேக் புடிக்காமப் போறதில்லையா? தாயி என்ன செய்யும்?"

அவர்கள் எனக்காகப் பேசப் பேச, நான் நாற்காலியோடு சேர்ந்து சுருங்கிக்கொண்டே போனேன். யாராவது ஒருவர் திட்டியிருந்தால் பதிலுக்கு முறைத்திருப்பேன். அது எனக்கு வரும்.

டிரைவரய்யா அன்றே ஸ்டூலில் உட்கார்ந்து மாப்பிள்ளைக் கதையை மறுபடியும் சொல்லிப் பார்த்தார். கை ஸ்டீயரிங்கைத் திருப்பியது. பாதியில் நின்றுபோனது. "அந்தக் கருவாட்டுக்காரி என்ன சொன்னா? அன்னைக்கு ஒரு வார்த்தை வந்துச்சே." எனக்கு அது நினைவிருந்தது. ஆனால் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது நான் மாற்றி எழுதிய வாக்கியம். அதைத் தள்ளிவிட்டு அவருடையதைத் தேடி எடுத்துச் சொல்வதற்குள் அவர் எழுந்துகொண்டார். "அன்னைக்குச் சொன்னாப்புல வர மாட்டேங்குது தாயி. வீட்டுல பந்தக்கால் ஊன்ற வேல வேற கெடக்கு." மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை நீட்டி நீட்டிச் சந்தில் நடந்து போனார்.

மறுநாள் ஞாயிறு. அச்சகச் சாவி அம்மாவிடம் இருந்தது. நான் போய்க் கணினியைப் போட்டு, ஒரே ஓர் எழுத்தை யூனிகோடு தமிழில் அடித்துச் சேமித்தேன். அந்தப் பெட்டி வந்தது. போனில் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, ஒவ்வொரு சொல்லாக அகராதியில் போட்டுப் பார்த்தேன்.

அதில் சிக்கலான சொல் ஒன்றுகூட இல்லை. இந்தப் பழைய வடிவத்தில் சேமித்தால் இதில் உள்ள யூனிகோடு எழுத்துகள் அழிந்துவிடும் என்று சொல்லியிருந்தது. அழியாமல் இருக்க எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும், பிறகு எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தது. தொடரலாமா என்று கடைசியில் கேட்டிருந்தது. கிழட்டு மிசின் ஒன்றைச் சொல்லிவிட்டு வேறொன்றைச் செய்யவில்லை. ஒவ்வொரு கதைக்கும் சலிக்காமல் வந்து எச்சரித்திருக்கிறது. மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறது.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "என்னத்தா, போனையே பாத்துக்கிட்டு மூஞ்சி இப்படிப் போகுது?" என்றாள். சொன்னேன். அது என்ன கேட்டது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது என்றேன். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது என்றேன். டீச்சர் போட்ட சிவப்பு நல்லாயிருக்கு என்று போட்டதில்லை என்பதையும் சொல்லிவிட்டேன்.

அவள் கீரைத் தண்டைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்ல வேண்டியதுதானே? எனக்குந்தான் தெரியாது. நான் சொல்லலையா?"

அவ்வளவுதான்.  பட்டப் படத்தை அவள் ஒருமுறை நிமிர்ந்து பார்த்ததாக எனக்குத் தோன்றியது. பார்க்காமலும் இருந்திருக்கலாம்.

திங்கட்கிழமை நான் அச்சகத்துக்குள் நுழைவதற்கு முன்பே அவள் குரல் வெளியே கேட்டது. எனக்கு முன்னால் கிளம்பி வந்திருந்தாள்.

"மொதலாளி, நான் அன்னைக்குச் சும்மா கத்திட்டேன். மிசினு மேல தப்பு இல்லையாம். அந்த இங்கிலீசு எம்மகளுக்குப் புரியலையாம். புரியாமத்தான் அமுக்கிருச்சாம்."

பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்வது போலத்தான் சொன்னாள். உறைக்குப் பசை தடவிக்கொண்டே. மிசின் ஓட்டுகிறவர், தாள் வெட்டுகிறவர், பத்திரிகைக்கு மாதிரி பார்க்க வந்த ஒரு பெண், எல்லோரும் இருந்தார்கள். நான் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றேன். திரும்பிப் போய்விடலாம் என்று இருந்தது. செருப்பைக் கழற்ற இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டவள் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன்.

முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு கணினியைப் பார்த்தார்.

"அட, எனக்கும் தெரியாதுத்தா. இந்த மிசினு வந்த நாள்ல இருந்து எது வந்தாலும் நானும் ஓகேதான் அமுக்குறேன். உனக்குத் தெரியும்னுல்ல நிம்மதியா இருந்தேன்."

மிசின்காரர் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். எனக்கு வரவில்லை. இப்போதும் அதை நினைத்தால் கழுத்து வரை சூடு ஏறுகிறது. ஆனால் அந்தச் சூடு அவர்கள் சிரித்ததால் வந்ததில்லை. அந்த நிம்மதியை நான் கொடுத்திருந்தேனே, அதனால் வந்தது.

அறுபதாம் கல்யாணத்துக்குப் புத்தகம் வரவில்லை. வரவும் முடியாது. டிரைவரய்யா எனக்கும் அம்மாவுக்கும் நேரில் வந்து பத்திரிகை வைத்திருந்தார், போகாமல் இருக்க முடியவில்லை. மண்டப வாசலில் தாம்பூலப் பைகள் அடுக்கியிருந்தன. தேங்காய், வெற்றிலை பாக்கு, ஒரு சின்னத் துண்டு. புத்தகம் வைக்க வேண்டும் என்று பையைக் கொஞ்சம் பெரிதாகத் தைக்கச் சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது. எல்லாப் பைகளும் தொளதொளவென்று சரிந்து கிடந்தன. எவரோ ஒருவர் மைக்கில், "புத்தகம் போடுறதாச் சொன்னீகளே, எங்கய்யா?" என்று கேட்டார். டிரைவரய்யா மாலையோடு மைக்கை வாங்கினார்.

"வண்டி டிப்போவ விட்டுக் கெளம்பிருச்சு. வழியில பஞ்சர். வந்துரும், எல்லாரும் ஸ்டாப்புலயே நில்லுங்க."

மண்டபம் சிரித்தது. இலையில் எனக்குப் பணியாரம் வைத்தார்கள். தொடாமல் இலையை மூடினேன். நான் மண்டபத்தில் எந்த மூலையில் இருக்கிறேன் என்று தெரிந்தும் அவர் அந்தப் பக்கம் திரும்பாமல் பேசினார். எனக்காகத்தான் திரும்பவில்லை. அந்தப் பையை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். துண்டை அம்மா எடுத்துக்கொண்டாள். பையை என் மேசைக் காலில் மாட்டி வைத்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாக்கோட்டைக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து நடந்து அவர் வீட்டுக்குப் போனேன். பந்தலை இன்னும் பிரிக்கவில்லை. என்னைப் பார்த்ததும், "வா தாயி, மிசின் செத்துப்போச்சா?" என்றார். மிசின் நன்றாக இருக்கிறது, எனக்குத்தான் அன்றைக்கு அந்த ஆங்கிலம் தெரியவில்லை என்றேன்.

"உங்கம்மா சொன்னுச்சு."

அம்மா அங்கேயும் சொல்லியிருக்கிறாள். என்றைக்குப் போனாள் என்று எனக்குத் தெரியாது.

போனை ஒலிப்பதிவில் போட்டு அவர் முன்னால் கட்டிலில் வைத்தேன். இந்தத் தடவை அவர் வேகத்துக்கு நான் ஓட வேண்டாம், அவர் தன் வேகத்தில் போகட்டும். முதலில் அவருக்கு வரவில்லை. தொண்டையைச் செருமினார். கை தொடையிலேயே கிடந்தது. அடுப்படியிலிருந்து அவர் மனைவி, "அந்தக் கருவாட்டுக்காரி டிக்கெட் எடுத்தாளே, அதச் சொல்லுங்க" என்றார். "அது டிக்கெட் எடுக்கறதுக்கு முந்தி ஒரு சண்ட இருக்குடி" என்று அவர் திரும்பினார். கை மெதுவாக எழுந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தது. அந்தச் சண்டையை அச்சகத்தில் அவர் சொல்லியிருக்கவில்லை. அச்சகத்தில் சொன்ன சில விஷயங்கள் இந்தத் தடவை வரவும் இல்லை. அவை போனது போனதுதான்.

கேட்டுக் கேட்டு அடிக்கிறேன். ஒவ்வொரு கதையும் கணினியில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, என் போனில் ஒன்று. பிழை திருத்தியை அழிக்கவில்லை. 'வந்தாக', 'போனீக', 'அங்குட்டு' எல்லாவற்றையும் அதன் அகராதியில் நானே சேர்த்தேன். சேர்க்கிறபோது ஒரு பெட்டி வந்தது. முதலாளி வழக்கம் போல, "என்னத்தா கேக்குது?" என்றார். "தெரியலண்ணே. இருங்க, பாத்துச் சொல்றேன்" என்றேன். பார்த்துச் சொல்லக் கொஞ்ச நேரம் ஆனது. அவர் டீ குடித்து முடித்துவிட்டார்.

ஆனால் அந்த மிசினுக்கு என் பிழைகள் எல்லாமும் தெரியாது என்பது இப்போது எனக்குத் தெரியும். நேற்று முதல் மூன்று கதைகளை அச்செடுத்துக்கொண்டு கோவிலூருக்குப் போனேன். டீச்சர் கதவைத் திறந்தார். நான் யார் என்று சொன்னேன். பேச்சாக வருகிற இடங்களை அப்படியே விட்டுவிடுங்கள் டீச்சர், மற்றதெல்லாம் நான் எழுதியது, அதைத் திருத்திக் கொடுங்கள் என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தை அங்கேயே படிக்க ஆரம்பித்தவர், மேசையைத் துழாவி, "செவப்புப் பேனா தீந்துபோச்சே" என்றார்.

நான் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். போகிற வழியில் வாங்கியிருந்தேன்.